படர்தாமரை அடங்காம போன கதை

நாமக்கல் லாரி டிரைவருக்கும் சேலம் தறிக்காரருக்கும் வேர்வையில வர்ற படர்தாமரை புதுசில்ல. முன்னெல்லாம் டெர்பினாஃபின் மாத்திரை சில வாரத்துல அடக்கிடும். இப்ப ஏன் இல்ல?

நம்ம செல் சவ்வுல இருக்கறது கொலஸ்ட்ரால். பூஞ்சைக்கு எர்கோஸ்டெரால், 1889-ல பிரான்சின் டான்ரே எர்காட் பூஞ்சையில இருந்து பிரிச்சது. இந்த வித்தியாசம்தான் மருந்துக்குக் கிடைச்ச வழி. எர்கோஸ்டெரால் தயாரிக்கிற ஒரு என்சைமை டெர்பினாஃபின் முடக்கும். அதோட மரபணுவுல ஒரே எழுத்து மாறினாலும் மருந்து சரியா ஒட்டாது.

அப்படி மாறின பூஞ்சை டெல்லி ஆய்வுல 2018-ல பதிவாச்சு. 2020-ல ஜப்பான்காரங்க வெச்ச பேரு டிரைக்கோஃபைட்டான் இந்தோட்டினியே. பேர்லயே நம்ம நாடு!

கடையில கேட்டு வாங்குற கலவை க்ரீம்ல இருக்கற ஸ்டீராய்டு அரிப்பை மட்டும் அடக்கும். பூஞ்சை பரவிட்டே இருக்கும். வைத்தியத்துக்கு வரும்போது அந்த ட்யூபையும் எடுத்துட்டு வாங்க.