மாரியும் மலரும்

1930ஆம் ஆண்டில், பெங்களூரில், பாட்டியார் நாள் பார்த்துக் குறித்துக்கொடுத்த ஒரு நல்ல தினத்தில், இளைஞர் ஒருவர் கடையிலிருந்து நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கிவந்து ஒரு நாவலின் முதல் வாக்கியத்தை எழுதினார். சென்னைப் புரசைவாக்கத்தில் பாட்டியாரிடம் வளர்ந்து, மைசூரில் கல்வி பயின்ற தமிழர் அவர். பின்னாளில் ஆர். கே. நாராயண் என்று உலகம் அறிந்தவர். அன்று அவர் மனக்கண்முன் முதலில் எழுந்தது ஒரு சிறிய ரயில் நிலையம். அதற்கு மால்குடி என்ற பெயரும் உடன்வந்தது. அந்த நிலையத்தைச் சுற்றி ஓர் ஊர் வளர்ந்தது. ஊரின் ஓரத்தில் சரயு என்றோர் ஆறும் ஓடிற்று. மல்லேசுவரத்தின் தலையையும் பசவனகுடியின் வாலையும் ஒட்டவைத்து உண்டாக்கியதே மால்குடி என்று பெங்களூர்வாசிகள் பெருமையுடன் சொல்லிக்கொள்வதுண்டு. ஊர்ப்பற்று செய்யும் சொல்லாராய்ச்சி அது. ஆசிரியர் தாம் எழுதிய வரலாற்றில் இந்தக் கணக்கைக் காணோம். ஆயினும் மால்குடி பிறந்த ஊர் பெங்களூர் என்பதில் ஐயமில்லை. இங்கு வாழும் தமிழர்க்கு அந்தப் பெருமை போதும்.

பாட்டியார் குறித்த நாளில் தொடங்கிய அந்த எழுத்து, தெய்வத்தைப் பற்றி என்ன சொல்லிற்று? அதைக் காணுமுன், நம் நாவல் இலக்கியத்தில் தெய்வம் வந்து சென்ற வழியைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும்.

வத்தலக்குண்டு பி. ஆர். ராஜம் ஐயர் 'கமலாம்பாள் சரித்திரம்' என்னும் நாவலை 1893ஆம் ஆண்டு முதல் 'விவேக சிந்தாமணி'யில் தொடர்ந்து எழுதினார். அதில் முத்துசாமி ஐயர் பொருளை இழக்கிறார்; ஊரார் பேச்சைக் கேட்டு மனைவியை ஐயுறுகிறார்; வாழ்வையே வெறுக்கிறார். அந்த நிலையில் சச்சிதானந்த சுவாமிகள் என்ற குருவின் அருள் அவருக்கு வாய்க்கிறது. இந்தக் குரு மெய்யான குரு. அவர் சொல் மெய்யான சொல். படிப்பவருக்கு அதில் ஒரு துளி சந்தேகமும் எழ ஆசிரியர் இடங்கொடுக்கவில்லை. 'பிரபுத்த பாரத'த்தின் ஆசிரியராக அமர்ந்து வேதாந்தம் எழுதியவரல்லவா? தாம் நம்பியதையே கதையிலும் வைத்தார். 1898இல், இருபத்தாறு வயதிலேயே மறைந்தும் போனார்.

அரை நூற்றாண்டு கழித்து, 1940களில், புதுமைப்பித்தன் கடவுளைச் சென்னைப் பிராட்வேயில் கொண்டுவந்து நிறுத்தினார். வரம் கேட்க வேண்டிய கந்தசாமிப் பிள்ளை அவரை ஓட்டலுக்கு அழைத்துச் சென்று உடன் அமர்ந்து காப்பி குடிக்கிறார். தம் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாவும் கேட்கிறார். கடவுள் இங்கே மறுக்கப்படவில்லை. ஆனால் பட்டணத்து வாழ்க்கைக்குள் அவர் ஒரு விருந்தாளி. அவரால் ஆவது ஒன்றுமில்லை. ராஜம் ஐயரின் குருவுக்கும் கந்தசாமிப் பிள்ளையின் விருந்தாளிக்கும் இடையே எவ்வளவு தூரம்! இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே, கேலியும் இன்றி, உபதேசமும் இன்றி, தெய்வத்தைக் கதையில் வைக்க முடியுமா என்பதே அடுத்து வந்த எழுத்தாளர்க்கு எஞ்சிய சோதனை.

நாராயணுக்கு அது வெறும் கலைச்சோதனையாக வரவில்லை. 1939இல் அவர் மனைவி ராஜம் விஷஜுரத்தால் காலமானார். சிறு குழந்தையுடன் நின்ற அவர், மறைந்தவரோடு பேசுவிக்கும் ஆவி முறைகளைச் சென்னையில் நண்பர் ஒருவர் வாயிலாக நாடினார். அந்த அனுபவத்தையே 1945இல் வெளிவந்த 'இங்கிலீஷ் டீச்சர்' என்னும் நாவலாக்கினார். அதன் முற்பகுதி இல்லறம். அவ்வளவு எளிமையாகவும் உயிரோடும் எழுதப்பட்ட பகுதிகள் அவர் நூல்களிலேயே குறைவு. பிற்பகுதியில் ஆவியுலகம் நேராகவே பேசத் தொடங்குகிறது. அவர் துயரத்தை மதிக்கிறோம். ஆயினும் அங்கே நம்பிக்கை நமக்குக் கொடுக்கப்படுகிறதேயன்றி, நம்முள் பிறக்கவில்லை. கண்டவர் சொல்கிறார், காணாத நாம் கேட்டுக்கொள்கிறோம், அவ்வளவே.

பின்னர் ஒரு பஞ்சம் வந்தது. மைசூர்ப் பகுதியில் மழை பொய்த்தது. ஆறுகளும் ஏரிகளும் வற்றின. கண்ணம்பாடிக்கருகே காவிரியைத் தடுத்துக் கட்டிய கிருஷ்ணராஜ சாகரம், ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்துக்கு நீர் ஊட்டிய அந்த மாபெரும் நீர்த்தேக்கமே, வறண்டது. வெடித்த தரையில், என்றோ மூழ்கிப்போன பழைய கோயில் ஒன்று வெளியே தெரிந்தது. தென்னையின் அடிக்கட்டைகளும், நீரின்றி உலர்ந்த முதலைகளும் தெரிந்தன. நகரசபையார் வேறு வழியின்றி மழைக்காகப் பிரார்த்தனை ஏற்பாடு செய்தனர். வறண்ட ஆற்றுப் படுகையில் பெருஞ்செலவில் கொண்டுவந்த நீரை நிரப்பி, முழங்கால் அளவு தண்ணீரில் நின்று, அந்தணர் சிலர் உண்ணாநோன்பிருந்து பதினொரு நாள் மந்திரம் ஓதினர். பன்னிரண்டாம் நாள் மழை பெய்தது. இச்செய்தியை நாராயணே தம் வாழ்க்கை நினைவுகளில் எழுதியிருக்கிறார்.

நம் ஊர்ப்புறங்களிலும் கோயிற்குளத்தில் நின்று வருண ஜபம் செய்வது வழக்கந்தான். கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாக வான் சிறப்பை வைத்த வள்ளுவர் வழிவந்த நமக்கு, மழையைத் தெய்வத்தின் பக்கத்தில் வைத்துக் காண்பது புதிதன்று. ஆயினும் அந்தக் காட்சியின் விசித்திரத்தை எண்ணிப் பாருங்கள். பொறியியல் வல்லார் அணை கட்டிய ஆற்றில், விலை கொடுத்து வாங்கிய நீரில் நின்று, விலையில்லாத நீரை வேண்டுகின்றனர்! 1974 முதல் பெங்களூர்க் குழாய்களில் வருவதும் காவிரி நீரே. ஆதலின் இது நமக்கு மிகத் தொலைவான கதையுமன்று.

1956இல் நாராயண் ராக்பெல்லர் நிறுவனத்தின் உதவியால் அமெரிக்கா சென்றார். கலிபோர்னியாவில், பெர்க்கிலி நகரத்து ஓட்டல் அறையொன்றில் அமர்ந்து, காவிரிப் படுகையில் நின்ற அந்தக் கால்களை நினைத்து எழுதினார். அதுதான் 'கைடு'. 1958இல் வெளிவந்தது, 1960இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றது. ஆங்கிலத்தில் எழுதிய இந்திய நூலொன்று அப்பரிசைப் பெற்றது அதுவே முதன்முறை.

கதாநாயகன் ராஜு, மால்குடி ரயில் நிலையத்தில் பயணிகளுக்கு வழிகாட்டி. தெரியாததையும் தெரிந்ததாகச் சொல்லிப் பிழைப்பவன். பிறன் மனைவியான நடனக்காரி ரோசியிடம் மனத்தைப் பறிகொடுத்து, அவள் புகழில் வாழ்ந்து, பொய்க் கையெழுத்திட்ட குற்றத்துக்காகச் சிறை சென்றவன். விடுதலையாகிப் போக்கிடமின்றி ஆற்றங்கரைக் கோயிலில் உட்கார்ந்திருக்கையில், வேலன் என்ற கிராமத்தான் அவனைச் சாமியார் என்று எண்ணிக் கும்பிடுகிறான். மறுக்க மனமில்லை, சோறும் கிடைக்கிறது. பிறகு பஞ்சம் வருகிறது. ஊரில் அடிதடி நேருகிறது. சண்டை ஓயும்வரை தான் உண்ணப்போவதில்லை என்று ராஜு சொல்லியனுப்ப, அதைக் கொண்டுசென்ற விவரமறியாப் பையன், மழை பெய்யும்வரை சாமியார் உண்ணமாட்டார் என்று ஊரில் மாற்றிச் சொல்லிவிடுகிறான். இந்தப் பிசகில்தான் கதையின் உயிர் இருக்கிறது. நாராயண் தெய்வத்தை வானத்திலிருந்து இறக்கவில்லை. ஒரு பையனின் வாய்த்தவற்றினுள் வைத்தார். அது தற்செயலா, தெய்வச்செயலா? பிரித்துச் சொல்ல யாரால் முடியும்?

தான் யார் என்பதை ஓர் இரவு முழுதும் உட்கார்ந்து வேலனிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறான் ராஜு. வேலனின் பக்தி அணுவளவும் குறையவில்லை. ராஜம் ஐயரின் குருவைப் போல இவன் மெய்யான குரு அல்லன். அது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும், இப்போது சீடனுக்கும் தெரியும். ஆயினும் பக்தி நிற்கிறது. சில நாள் பசியில் துடித்தபின், சோற்று நினைவையே விரட்டிவிடத் துணிகிறான் ராஜு. வாழ்நாளில் முதன்முறையாகத் தனக்கு ஆதாயமில்லாத ஒரு காரியத்தில் மனம் ஒன்றுகிறான். அக்கணத்துக்குப் பின் அவனைப் போலி என்று சொல்ல நமக்கு நா எழுவதில்லை. இறுதியில், இருவர் தாங்கிப்பிடிக்க ஆற்றுக்குள் இறங்கி, மலைப்பக்கம் மழை பெய்வதைத் தன் கால்களில் உணர்வதாகச் சொல்லி, அப்படியே சரிகிறான். நாவல் அங்கே முடிகிறது. மழை பெய்ததா? ஆசிரியர் சொல்லவில்லை. உயிர் பிரிந்ததா? அதுவும் சொல்லவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கதாநாயகனை உயிரோடு விடுவதா வேண்டாமா என்று நாராயண் தயங்கியபோது, அவன் இறந்தே ஆகவேண்டும் என்று உறுதியாகச் சொன்னவர் ஆங்கில நாவலாசிரியர் கிரகாம் கிரீன். அந்த யோசனையை ஏற்றே நாராயண் எழுதலானார். எழுதி முடிக்கையில் மரணத்தையும் ஒரு திரைக்குப் பின்னால் நிறுத்திவிட்டார். மைசூர் ஆற்றில் உண்மையாகவே பன்னிரண்டாம் நாள் பெய்த மழையை, கதையில் பெய்யாமலும் பெய்தும் விட்டுவைத்த நெஞ்சழுத்தம் சாதாரணமானதன்று. நடந்ததை நடந்தபடியே எழுதியிருந்தால் அது ஒரு பத்திரிகைச் செய்தி. அற்புதம் என்று சிலரும், பருவநிலை என்று சிலரும் சொல்லி முடித்திருப்பர்.

1965இல் விஜய் ஆனந்த் இயக்கத்தில் இந்தியில் வந்த திரைப்படம் அந்த ஐயத்தைத் தாங்கவில்லை. அதில் மழை கொட்டுகிறது, கூட்டம் ஆரவாரிக்கிறது, தேவ் ஆனந்த் நடித்த ராஜு மகானாகவே மறைகிறான். மால்குடிக்கு மாறாக ராஜஸ்தானத்து அரண்மனைகளை நாடிப்போன அந்தப் படத்தைப் பற்றி நாராயண் கசப்புடன் ஒரு கட்டுரையே எழுதினார். பாட்டும் நடனமும் அதில் சிறப்பே. ஆனால் படத்தில் பெய்த மழை கண்ணை நனைக்கிறது; நாவலில் பெய்யாத மழை பல நாள் மனத்தை விட்டுப் போவதில்லை.

1961இல் வந்த 'மால்குடியின் ஆட்கொல்லி'யில் பஸ்மாசுரன் கதையையே அவர் கையாண்டார். பிறரை அடித்து நொறுக்கும் வாசு, தன் நெற்றியில் அமர்ந்த கொசுவை அடிக்கப்போய்த் தன் கையாலேயே மாய்கிறான். சுவையான கதைதான். ஆனால் இதுதான் அசுரன் கதை என்று ஒரு பாத்திரமே நமக்கு எடுத்துச்சொல்லிவிடுகிறது. உட்பொருளை விரல்விட்டுக் காட்டிவிட்டால் அதில் நாம் தேட என்ன இருக்கிறது?

'கைடு' படம் வெளிவந்த அதே 1965இல், கன்னடத்தில் யு. ஆர். அனந்தமூர்த்தியின் 'சம்ஸ்கார' வெளிவந்தது. தீர்த்தஹள்ளிப் பகுதியில் பிறந்த அவர், இங்கிலாந்தில் பர்மிங்காமில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, சுவீடன் நாட்டு இயக்குநர் பெர்க்மன் 1957இல் எடுத்த 'ஏழாவது முத்திரை' என்ற படத்தைக் கண்டார். கொள்ளைநோய்க் காலத்தில் கடவுளின் மௌனத்தைப் பற்றிய படம் அது. அந்தத் தூண்டுதலில் பிறந்ததே இந்நாவல்.

அக்ரகாரம் ஒன்றில் ஆசாரங்களை எல்லாம் மீறிய நாரணப்பன் இறந்துகிடக்கிறான். அவனுக்கு ஈமக்கடன் செய்வது யார்? பிணம் எடுக்கும்வரை ஊரில் அடுப்பு மூட்டலாகாது. சாஸ்திரங்களில் கரைகண்ட பிராணேசாசாரியர் ஏடுகளைப் புரட்டுகிறார், விடையில்லை. காட்டிலுள்ள மாருதி கோயிலுக்குச் சென்று, விக்கிரகத்தை நீராட்டி, மலர் சூட்டி, வலப்பக்க மலர் விழுந்தால் சம்மதம், இடப்பக்க மலர் விழுந்தால் மறுப்பு என்று வேண்டிக் காத்திருக்கிறார். பூக்கட்டிப் பார்த்து மணமும் மனையும் நிச்சயித்த குடும்பத்தில் வந்தவர்க்கு அந்தக் காத்திருத்தலின் கனம் சொல்லாமலே விளங்கும். உச்சிவெயில் சாய்கிறது; மாலையாகிறது. ஒரு மலரும் விழவில்லை.

தெய்வம் இல்லை என்று அனந்தமூர்த்தி இங்கே சொல்லவில்லை. விழாத மலர் மறுப்புமன்று, சம்மதமுமன்று. முடிவை மனிதன் கையிலேயே அது திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஏட்டையும் இறைவனையும் நம்பி வாழ்ந்தவர்க்கு அதைவிடப் பெருந்துன்பம் இல்லை. இதற்கிடையே ஊரில் எலிகள் செத்து விழுகின்றன. கழுகுகள் கூரைமேல் வந்து அமருகின்றன. அதை அபசகுனம் என்று கொண்டு அந்தணர் சங்கூதி விரட்டுகின்றனர். வந்திருப்பது பிளேக், அதைப் படிப்பவர் அறிகிறார், ஊரார் அறியவில்லை. குறி இல்லாத இடத்தில் குறி தேடுவதும், கண்முன் உள்ள குறியை அறியாததும் அந்த ஒரே அக்ரகாரத்தில் நிகழ்கின்றன. இக்கதையை எண்ணும்போதெல்லாம் எனக்கு மாருதியைவிட அந்த எலிகளே முதலில் நினைவுக்கு வருகின்றன.

பெங்களூர் இந்நாவலுக்கு இரண்டாம் வாழ்வு தந்தது. இந்நகரில் வாழ்ந்த பட்டாபிராம ரெட்டி 1970இல் அதைப் படமாக்கினார். கிரீஷ் கார்னாடு திரைக்கதை எழுதி ஆசாரியராகவும் நடித்தார். பட்டாபியின் மனைவி சினேகலதா ரெட்டி, நாரணப்பனின் துணைவி சந்திரியாக நடித்தார். தணிக்கையார் முதலில் தடை செய்த அப்படமே அவ்வாண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதையும் பெற்றது. நெருக்கடி நிலைக் காலத்தில் சினேகலதா பெங்களூர்ச் சிறையில் அடைக்கப்பட்டு, 1977 ஜனவரியில் விடுதலையான சில நாட்களில் காலமானார். படத்தில் யாரும் எடுத்து அடக்கம் செய்ய முன்வராத ஒரு பிணத்துக்காக நகைகளைக் கழற்றி வைத்தவர் அவர்.

நாவலை 1976இல் ஆங்கிலத்தில் தந்தவர் ஏ. கே. ராமானுஜன். 1929இல் மைசூரில் தமிழ் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் அன்னையோடு தமிழும், தெருவில் கன்னடமும், மாடியறையில் தந்தையோடு ஆங்கிலமும் பேசி வளர்ந்தவர். வெளிமாநிலத்தில் பிள்ளைகளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த வீடு அந்நியமாகத் தோன்றாது. மலரை விழவிடாத மாருதியின் கதையை மொழிபெயர்த்த அதே கை, ஐந்தாண்டுகளுக்குப் பின், 1981இல், நம்மாழ்வார் பாசுரங்களை ஆங்கிலத்தில் தந்தது. அந்தப் பாசுரங்களில் இறைவன் மௌனமாக இருப்பதில்லை; அடியாருக்குள்ளேயே புகுந்து, அவர் வாயாலேயே தன்னைப் பாடிக்கொள்கிறான்.