தடுப்பூசி ரிஜிஸ்டர் யாரிடம் இருந்தது? வால்பாறைக் குறிப்பு

சென்ற ஆண்டு அக்கா மகளுக்கு ஜெர்மனியில் நர்சிங் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. பாஸ்போர்ட், மார்க் ஷீட், மொழித் தேர்வுச் சான்று எல்லாம் ரெடி. கடைசியாக ஒன்று கேட்டார்கள்: தட்டம்மைத் தடுப்பூசி இரண்டு தவணை போட்டதற்கு அத்தாட்சி. 2020 மார்ச் முதல் அங்கே அது சட்டம். 1970-க்குப் பிறகு பிறந்தவர்கள் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்க அது கட்டாயம்.

அவள் 2005-ல் வால்பாறையில் ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பிறந்தவள். லைன் வீடு மாறியதில் அட்டை எங்கேயோ போய்விட்டது. சரி, ஆஸ்பத்திரியில் ரிஜிஸ்டர் இருக்குமே என்று ஆழியாறு வழியாக நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனேன். "அந்தக் காலத்து நோட்டு எதுவும் இல்லீங்க" என்றார்கள். எஸ்டேட் கைமாறியபோது யாரும் எடுத்து வைக்கவில்லையாம்.

ஒரு குழந்தையின் ஊசிக் கணக்கு ஏன் கம்பெனியிடம் இருந்தது? அங்கிருந்துதான் என் தேடல் ஆரம்பித்தது.

ஊசி போட்டதற்குச் சான்று கொடுப்பது நம் நாட்டில் புதிதல்ல. 1880-ம் ஆண்டின் அம்மைத் தடுப்புச் சட்டத்திலேயே அது இருக்கிறது. அம்மை குத்திய பிறகு, சில நாள் கழித்துக் குழந்தையின் கையை மறுபடி பார்ப்பார்கள். கொப்புளம் சரியாக எழும்பியிருந்தால்தான் சான்று. ஆனால் அந்தச் சட்டம் நகராட்சி, கண்டோன்மென்ட் பகுதிகளுக்கானது. ஆனைமலை மேலே தோட்டங்கள் பரவியது 1890-களுக்குப் பிறகுதான்.

சுதந்திரத்துக்குப் பின் வந்தது 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம். தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி செய்து தருவது முதலாளியின் பொறுப்பு என்றது. நல்ல சட்டம்தான், அதனால்தான் மலை மேல் ஆஸ்பத்திரி வந்தது. ஆனால் கூடவே இன்னொன்றும் நடந்தது. சமவெளிக் கிராமத்தில் கிராம சுகாதார செவிலியரின் நோட்டில் இருந்த கணக்கு, எங்கள் பக்கம் எஸ்டேட் ஆஸ்பத்திரி அலமாரிக்குள் போனது. அரசு ஆவணம் என்றால் கேட்க ஒரு ஆபீஸ் இருக்கும். கம்பெனியே மாறிவிட்டால் யாரைப் போய்க் கேட்பது?

இன்னொரு விஷயம் பிறகுதான் உறைத்தது. தேசியத் திட்டத்தில் தட்டம்மைக்கு இரண்டாம் தவணை 2010-ல்தான் தொடங்கியது. 2005-ல் பிறந்த குழந்தைக்கு ஒன்பதாம் மாத ஊசி ஒன்றுதான். ஆக, அந்த ரிஜிஸ்டர் கிடைத்திருந்தாலும் பாதி அத்தாட்சிதான்! மீதிப் பாதி 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்கப் பள்ளிகளில் போட்ட தட்டம்மை-ரூபெல்லா ஊசி. அப்போது கொடுத்த அட்டையும் வீட்டில் இல்லை.

கடைசியில் கோவையில் ரத்தப் பரிசோதனை செய்தோம். தட்டம்மை எதிர்ப்புச் சக்தி இருப்பதாக முடிவு வந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த சான்றை ஏற்றுக்கொண்டார்கள். நோட்டு தொலைத்த கணக்கை அவள் ரத்தம் வைத்திருந்தது.

இப்போது பிறக்கும் குழந்தைகளுக்குத் தாயின் பிக்மி எண் இருக்கிறது. ஆனால் இருபது வயதைத் தொடும் எஸ்டேட் பிள்ளைகள் நிறைய பேருக்கு அந்த அட்டை ஒன்றே ஆதாரம். வீட்டில் இருந்தால் இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். பழைய எஸ்டேட் ரிஜிஸ்டர் எங்காவது கண்ணில் பட்டால், தயவுசெய்து எடைக்குப் போட விடாதீர்கள்.