இடிந்த வீடும் குடியிருந்தோர் உரிமையும்

அரபிக் கல்லூரிகளில் ஹிதாயா நூலின் இஜாரா பாடத்தை நடத்தும்போது நாம் விரைந்து கடந்து செல்லும் மஸ்அலா ஒன்று உண்டு. வாடகைக்கு விடப்பட்ட வீடு இடிந்து வீழ்ந்தால் ஒப்பந்தம் என்னவாகும்? பயன் அற்றுப்போனதால் அது தானாகவே முறிந்துவிடும் என்பது ஒரு கருத்து. ஒப்பந்தம் நிலைத்தே இருக்கும், அதை முறித்துக்கொள்ளும் உரிமை மட்டுமே பிறக்கும் என்பது மற்றொரு கருத்து. இரண்டாவது கருத்துக்குச் சான்றாக இமாம் முஹம்மத் பின் ஹஸன் அஷ்ஷைபானீ (ரஹ்) அவர்களின் தீர்ப்பை, ஹிஜ்ரீ 593இல் மறைந்த மர்கீனானீ (ரஹ்) எடுத்துரைக்கிறார். உரிமையாளர் அவ்வீட்டை மீண்டும் கட்டிவிட்டால் குடியிருந்தவர் ஏற்க மறுக்கலாகாது. உரிமையாளரும் தர மறுக்கலாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

வீடு பயன்படாத நாள்களுக்கு வாடகை இல்லை. ஆயினும் ஒப்பந்தக் காலம் முடியும்வரை குடியிருந்தவரின் இடம் அவருக்கு உரியதாகவே இருக்கிறது. பேரிடரைச் சாக்காக்கி, புதிய வீட்டைக் கூடுதல் வாடகைக்கு வேறொருவரிடம் ஒப்படைக்க வழியில்லை.

ஆனால், உரிமையாளரிடம் மீண்டும் கட்டப் பொருள் இல்லையெனில்? இவ்வினாவை உஸ்மானியப் பேரரசின் தலைநகரான இஸ்தான்பூல் பெரிய அளவில் எதிர்கொண்டது. மரவீடுகள் நெருங்கி நின்ற அந்நகரைத் தீ அடிக்கடி விழுங்கியது. 1660ஆம் ஆண்டின் பெருந்தீயில் நகரின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. எரிந்த வீடுகளிலும் கடைகளிலும் பல வக்ஃபுக்குரியவை. அவற்றை எழுப்ப வக்ஃபுகளிடம் நிதி இல்லை. வக்ஃபுச் சொத்தை விற்கவும் இயலாது. வீட்டை ஓராண்டுக்கு மேல் வாடகைக்கு விடலாகாது என்பதே ஹனஃபி அறிஞர்களின் பொது வழக்கு.

இந்நெருக்கடிக்குத் தீர்வாக 16, 17ஆம் நூற்றாண்டுகளில் பரவியதே 'இஜாரதைன்' என்னும் இரட்டை வாடகை முறை. குடியேறுபவர், கட்டடத்தின் மதிப்பை ஒட்டிய பெருந்தொகை ஒன்றை முன்னதாகவே செலுத்துவார். இது ஐன் எழுத்தோடு கூடிய 'முஅஜ்ஜலா'. பின்னர் ஆண்டுதோறும் சிறு வாடகை செலுத்துவார். இது ஹம்ஸாவோடு கூடிய 'முஅஜ்ஜலா'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத் தோன்றும், பொருளோ நேரெதிர். முன்தொகையால் கட்டடம் எழுந்தது. செலுத்தியவருக்குக் காலவரையற்ற குடியிருப்புரிமை கிடைத்தது. அவருக்குப் பின் அவ்வுரிமை மகனுக்கும் மகளுக்கும் சமமாகச் சென்றது. பிள்ளைகள் இல்லையெனில் வக்ஃபுக்கே திரும்பியது. 1867ஆம் ஆண்டுச் சட்டம் வாரிசுகளின் வட்டத்தை மேலும் விரிவாக்கியது.

இம்முறையின் குறையையும் நாம் மறைக்கலாகாது. நாணயத்தின் மதிப்பு வீழ வீழ, ஆண்டு வாடகை பெயரளவுக்கானதாயிற்று. வக்ஃபின் வருவாய் தேய்ந்தது. ஏழைகளுக்கும் மாணவர்க்கும் சேர வேண்டியது குடியிருப்போரிடம் தங்கிவிட்டது. முன்தொகை செலுத்த இயலாத வறியவருக்கு இந்தப் பாதுகாப்பு எட்டவுமில்லை. 'உஜ்ரத்துல் மிஸ்ல்' எனப்படும் சந்தைக்கு ஒத்த வாடகையை ஃபுகஹாக்கள் வலியுறுத்தியதன் காரணம் இங்கே விளங்குகிறது.

அதே மண்ணில் 1999 ஆகஸ்ட் 17 அன்று மர்மரா வட்டாரத்தில் நேர்ந்த நிலநடுக்கத்தில் 17,000க்கும் அதிகமானோர் மாண்டனர். நவம்பர் 12 அன்று தூஸ்ஜே நகரமும் குலுங்கியது. அரசு கட்டித்தந்த நிரந்தர வீடுகளுக்கு உரியவர்களாகக் கருதப்பட்டோர் வீட்டுச் சொந்தக்காரர்களே. 1959ஆம் ஆண்டின் பேரிடர்ச் சட்டம் வாடகைக்கு இருந்தோரை அவ்வரிசையில் சேர்க்கவில்லை. ஒரே கூரையின்கீழ் நின்று ஒரே அதிர்ச்சியைத் தாங்கிய இருவரில், பத்திரம் வைத்திருந்தவருக்கு வீடு. மற்றவருக்குத் தற்காலிகக் கூடாரம். தூஸ்ஜேயின் வாடகைதாரர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பத்தாண்டுகளுக்கும் மேலாகப் போராடி நிலம் பெற்று வீடு கட்டிக்கொண்டனர்.

வாடகை என்பது பயனை விற்பது. வீட்டை விற்பதன்று என நாம் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். அந்தப் பயனும் ஓர் உரிமையே என்பதை இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்களின் தீர்ப்பு உணர்த்துகிறது. அடுத்த முறை அப்பாடத்தை நடத்தும்போது, அந்த மஸ்அலாவில் சற்று நின்று, இடிபாடுகளுக்கு நடுவே பத்திரமின்றி நிற்பவரை மாணவர்க்குச் சுட்டிக்காட்டுவோமாக. அல்லாஹ்வே நன்கறிந்தவன்.