நேயர் விருப்பம்: டெலிஷாப்பிங் திரையில் நிற்பது யார்?

தொலைக்காட்சிக்காரர்களிடம் நிறத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கறுப்பான பெண்ணை ஏன் நாயகியாகப் போடுவதில்லை, தொகுப்பாளர் என்றாலே ஏன் ஒரே மாதிரி முகம் என்று கேட்டால், "நேயர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள்" என்பார்கள். அந்த விருப்பத்தை யார், எப்போது, எப்படி அளந்தார்கள் என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

நேயர் விருப்பத்தை உண்மையாகவே எண்ணிப் பார்த்த ஒரு தொலைக்காட்சி வகை உண்டு. அமெரிக்காவின் டெலிஷாப்பிங். அதன் வரலாற்றை நாம் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

அதன் தொடக்கம் வேடிக்கையானது. 1977இல் ஃபுளோரிடாவின் கிளியர்வாட்டரில் ஒரு சின்ன வானொலி நிலையம். விளம்பரம் கொடுத்த வியாபாரியிடம் பணம் இல்லை. பணத்துக்குப் பதிலாக 112 மின்சார டப்பா திறப்பான்களைக் கொடுத்துவிட்டார். நிலைய உரிமையாளர் லோவெல் பாக்ஸன், அறிவிப்பாளர் பாப் சர்கோஸ்டாவிடம் அவற்றை ஒலிபரப்பிலேயே விற்கச் சொன்னார். விற்றுத் தீர்ந்தன. அந்த வழியில் 1982இல் கேபிள் டிவியில் பிறந்ததுதான் ஹோம் ஷாப்பிங் நெட்வொர்க். 1986இல் ஜோசப் சீகல் தொடங்கிய கியூவிசி போட்டிக்கு வந்தது.

இந்தச் சேனல்களில் நிகழ்ச்சி நேரலையாக ஓடும்போதே எத்தனை ஆர்டர் வருகிறது என்ற கணக்கும் தயாரிப்பாளர் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். எண்ணிக்கை ஏறினால் தொகுப்பாளரின் காதுக்குத் தகவல் போகும், அதே பேச்சை நீட்டுவார். இறங்கினால் அடுத்த பொருளுக்குத் தாவிவிடுவார்கள். வாங்கிய பெண்கள் தொலைபேசியில் வந்து அனுபவம் சொல்வதையும் நேரலையில் சேர்த்தார்கள்.

எண்ணியபோது தெரிந்தது என்ன? ஜாய் மங்கானோவின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும், 2015இல் சினிமாவாகவும் வந்தது. அவர் தன் கையாலேயே பிழியும் வேலை இல்லாத ஒரு துடைப்பானை உருவாக்கினார். கியூவிசியின் தொகுப்பாளர்கள் விற்றபோது அது சரியாகப் போகவில்லை. நானே வந்து காட்டுகிறேன் என்று கேட்டு, 1992இல் திரையில் தோன்றினார். அரை மணி நேரத்துக்குள் சுமார் 18,000 துடைப்பான்கள் விற்றன. பொருள் அதேதான், சேனலும் அதேதான். பேசத் தெரிந்த தொழில்முறை ஆளைவிட, வீட்டுத் தரையைத் துடைத்த பெண் பேசியதை நேயர்கள் நம்பினார்கள். நட்சத்திரங்களும் வந்தார்கள். 1990இல் நகைச்சுவைக் கலைஞர் ஜோன் ரிவர்ஸ் நகைகளோடு வந்தார். 1992இல் ஆடை வடிவமைப்பாளர் டயான் வான் ஃபர்ஸ்டன்பர்க் இரண்டு மணி நேரத்துக்குள் 12 லட்சம் டாலருக்கு விற்றார். அந்த ஆரம்ப வருடங்களிலிருந்து இன்றும் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் பெயர்கள் வெள்ளைப் பெண்களுடையவை.

ஆனால் "பயன்படுத்தியவரே வந்து பேசினால் நம்புவார்கள்" என்ற இந்த அறிவு டெலிஷாப்பிங்கின் கண்டுபிடிப்பா? எழுபது எண்பது வருடங்களுக்கு முன்பே கறுப்பினப் பெண்கள் அதை வீடு வீடாக நடந்து நிரூபித்திருந்தார்கள்.

மேடம் சி.ஜே. வாக்கர் 1867இல் லூசியானாவில், அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்தவர். சலவைத் தொழிலாளியாகப் பல வருடம் உழைத்தார். முடி கொட்டியது. முதலில் ஆனி மலோன் என்ற கறுப்பினத் தொழில்முனைவோரின் பொருட்களை விற்றார், பிறகு தன் பெயரிலேயே தலைமுடிக்கான களிம்பு தயாரித்தார். விளம்பரத்தில் போட்டது தன் படத்தையே: முன்பு இப்படி, பின்பு இப்படி. அவருடைய முகவர்களாக ஆயிரக்கணக்கான கறுப்பினப் பெண்கள் சேர்ந்தார்கள். வெள்ளையர் வீட்டில் சமையலும் சலவையும் தவிர வேறு வேலை கிடைக்காத காலம் அது.

1912இல் சிகாகோவில் தேசிய நீக்ரோ வணிகக் கழகத்தின் மாநாடு நடந்தது. தலைமை புக்கர் டி. வாஷிங்டன். பேச வாய்ப்புக் கேட்ட வாக்கரை அவர் கண்டுகொள்ளவில்லை. சொந்தச் சமூகத்துத் தலைவர்தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வாக்கர் எழுந்து நின்று பேசினார். பருத்திக் காட்டிலிருந்து சலவைத் தொட்டிக்கும், அங்கிருந்து சமையலறைக்கும் வந்தவள், அங்கிருந்து என்னை நானே உயர்த்திக்கொண்டேன் என்ற பொருளில் பேசினார். அடுத்த ஆண்டு அதே மாநாட்டுக்கு அவரைப் பேச்சாளராகவே அழைத்தார்கள்.

ஆக, கேட்க ஆள் எப்போதும் இருந்தது. நிற்க மேடைதான் கொடுக்கப்படவில்லை. ஒப்பனைப் பொருள்களின் கதையும் இதுவே. கறுத்த தோலுக்கேற்ற நிறங்களைப் பெரிய நிறுவனங்கள் தயாரிக்காததால் ஜான் ஜான்சன் 1973இல் ஃபேஷன் ஃபேர் என்ற பெயரில் தானே தொடங்கினார். சோமாலியாவில் பிறந்த மாடல் இமான், தன் நிறத்துக்கு எதுவும் கிடைக்காமல் தானே கலந்து பூசிக்கொண்டவர், 1994இல் சொந்த நிறுவனம் கண்டார். புரூக்ளின் சமையலறையில் தைலம் காய்ச்சத் தொடங்கியவர் லிசா பிரைஸ். இந்த இருவரும் பின்னாளில் ஹோம் ஷாப்பிங் நெட்வொர்க்கில் விருந்தினராக வந்து விற்றார்கள், தொலைபேசி மணி அடிக்கத்தான் செய்தது. முகத்தைக் காட்டாமலே அந்த முகத்தை யாரும் விரும்பவில்லை என்று சொல்வது கணக்கே போடாமல் விடை எழுதுவது. நம் ஊரில் 1975 முதல் வெள்ளையாக்கும் களிம்பு விற்றவர்கள் 2020இல் பெயரிலிருந்து அந்தச் சொல்லை எடுத்ததும்கூட, நேயர் விருப்பம் ஒரே இரவில் மாறியதால் இல்லை. கேள்விகள் குவிந்ததால்தான்.

இதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். நம்ம ஆள் திரையில் வந்துவிட்டால் போதுமா? அந்த நம்பிக்கையை வைத்து என்ன விற்கிறார் என்றும் கேட்க வேண்டாமா? இந்திய டெலிஷாப்பிங்கில் நடிகர்கள் விருந்தினராக வந்து அனுமன் சாலிசா யந்திரம் விற்றார்கள். வாங்கியதால் வாழ்க்கையே மாறியது என்று சாதாரண மனிதர்கள் சாட்சி சொன்னார்கள். மங்கானோவுக்குக் கைகொடுத்த அதே உத்திதான். அவுரங்காபாத்தைச் சேர்ந்த ஓர் ஆசிரியர் 2015இல் வழக்குப் போட்டார். அமானுஷ்ய சக்தி இருப்பதாகச் சொல்லி இப்படி விற்பது சட்டவிரோதம் என்று பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு 2021 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆதாரமாக நின்றது மகாராஷ்டிரத்தின் 2013ஆம் ஆண்டுச் சட்டம். நரேந்திர தாபோல்கர் பல வருடம் கேட்டும் வராமல், அவர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகே வந்த சட்டம் அது.

வாக்கரின் முகவர்களும் நம்பிக்கையைத்தான் முதலாக வைத்திருந்தார்கள். 1917 ஜூலையில் கிழக்கு செயின்ட் லூயிஸ் நகரில் வெள்ளைக் கும்பல்கள் கறுப்பின மக்களைக் கொன்று குவித்தன. அடுத்த மாதம் ஃபிலடெல்ஃபியாவில் முகவர்கள் மாநாடு கூடியது, 200 பெண்களுக்கு மேல் வந்தார்கள். அதிகம் விற்றவர்களுக்கு மட்டுமின்றி, தங்கள் ஊரில் அதிகம் தர்மம் செய்தவர்களுக்கும் வாக்கர் பரிசு கொடுத்தார். கும்பல் கொலையைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று அந்த விற்பனைப் பெண்கள் கூட்டாக அதிபர் வில்சனுக்குத் தந்தி அடித்தார்கள். அமெரிக்காவில் அந்தக் கூட்டாட்சிச் சட்டம் கையெழுத்தானது 2022 மார்ச்சில்.