ஊருணியும் ஜொகூர் ஆறும்

ஊரார் உண்ணும் நீருக்கென ஒதுக்கிய குளத்திற்கு ஊருணி என்று பெயர். குறளிலும் வரும் இச்சொல்லுக்குப் பொருள் கூறிவிட்டு, வகுப்பில் நாம் விரைந்து கடந்து விடுகிறோம். குளிக்க ஒரு குளம், குடிக்க ஒரு குளம் என்று தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில் பிரித்து வைத்திருந்தனர் என்பதையும் உடன் சொல்லுதல் நன்று. ஜொகூரின் நீர் வரலாற்றைப் படிப்போர்க்கு இப்பிரிவினை மிகவும் பயன்படும்.

1927-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் சுல்தான் இப்ராகிமும் சிங்கப்பூர் நகராண்மையினரும் உடன்படிக்கை ஒன்று செய்துகொண்டனர். அதன்படி பூலாய் மலையில் 2,100 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 30 காசு வாடகையில் விடப்பட்டது. காடு மூடிய சரிவில் பெய்த மழை தேக்கத்தில் நின்று, குழாய் வழியே கடற்பாலம் கடந்து சிங்கப்பூர் சென்றது. இடையில் மாசு புக வழி குறைவு. அக்காலத்தில் ரப்பர்த் தோட்ட லயங்களில் வாழ்ந்தோருள் பலர் கிணற்றையும் ஓடையையும் நம்பியிருந்தனர் என்பதையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். ஊருணி நகரத்தார்க்கே வாய்த்தது.

1962-இல் கையெழுத்தான உடன்படிக்கை, ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை சிங்கப்பூர் எடுத்துக்கொள்ள இடந்தந்தது. அது 2061 வரை செல்லும். ஆனால் ஆறு, மலையைப் போன்றதன்று. அதன் இருமருங்கும் தோட்டங்களும் ஆலைகளும் ஊர்களும் உள்ளன. செம்பனை எண்ணெய் ஆலைக் கழிவு, வீட்டுச் சாக்கடையைக் காட்டிலும் ஏறத்தாழ நூறு மடங்கு உயிர்வளியை நீரிலிருந்து உறிஞ்ச வல்லது. 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977-இல் செம்பனை ஆலைகளுக்குத் தனி விதிகள் வந்தன. கழிவுநீர் உறிஞ்சும் உயிர்வளி லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் வரை இருக்கலாம் என 1978-இல் தொடங்கிய வரம்பு, படிப்படியாக இறங்கி 1984-இல் 100 ஆயிற்று. ஆலைகளை மூடாமலே செய்த இச்சீர்திருத்தம் பெரிதும் பாராட்டத்தக்கது.

எனினும் 2019 ஏப்ரல் தொடக்கத்தில் ஆற்றில் அம்மோனியா மிகுந்து, சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்காமல் நின்றன. அம்மோனியாவைத் தோட்டத்தார்க்கு அறிமுகஞ் செய்ய வேண்டுவதில்லை. ரப்பர்ப் பால் உறையாதிருக்கச் சேர்ப்பது அதுவே. மணல் வடிகட்டியில் அது தங்குவதில்லை. கிருமி கொல்லக் குளோரின் இட்டால், குளோரின் முதற்கண் அம்மோனியாவோடு கூடிவிடுகிறது. அம்மோனியாவிலுள்ள நைட்ரஜன் ஒரு பங்கைத் தீர்க்க ஏறத்தாழ எட்டுப் பங்கு குளோரின் செலவாகும். அளவு மிகுந்தவிடத்து நீரெடுப்பதை நிறுத்துவதன்றி நிலையத்தார் என் செய்வர்?

நீரெடுக்கும் வாயிலில் செய்யும் சோதனை, மாசு வந்து சேர்ந்த பின்னரே அதனை அறிவிக்கும். ஆற்றின் மேற்புறத்தில் யார், எதை, எவ்வளவு விடுகின்றனர் என்று கணக்கெடுத்து வைப்பதே முந்திய வேலை என்பது என் கருத்து. பூலாயில் இக்கணக்கிற்குத் தேவை மிகக் குறைவாகவே இருந்தது. 1961-இல் செய்த மற்றோர் உடன்படிக்கை 2011 ஆகஸ்டு 31-இல் முடிவுற்றபோது, அம்மலையின் நீர்நிலையம் ஜொகூர் வசம் வந்தது.