முதுகுக்குப் பின்னால் கடல்

எங்கள் வீட்டில் ஒரு பழைய போட்டோ இருக்கிறது. மெரினா மணலில் அம்மா கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து டிபன் கேரியரைப் பிரித்துக்கொண்டிருப்பாள். பின்னால் அலை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தையல் கம்பெனியில் அம்மா பட்டன் வைத்தாள். வருடத்தில் ஒருநாள், காணும் பொங்கலன்று மட்டும் கடற்கரை. அன்றைக்கு விடியற்காலை எழுந்து புளிசோறு கிளறி, எலெக்ட்ரிக் ட்ரெயினில் எங்களை இழுத்துக்கொண்டு சென்ட்ரலில் இறங்குவாள். கரைக்கு வந்ததும் அப்பாவும் சித்தப்பாவும் எங்களை அலைக்குக் கூட்டிப்போவார்கள். அம்மாவும் அத்தையும் செருப்புக்கும் பைகளுக்கும் காவல்.

கடற்கரையின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தபோது இந்தப் போட்டோதான் கண்முன் நின்றது. 1884இல் கவர்னர் கிராண்ட் டஃப் உலாவுவதற்கென ஒரு நடைபாதை போட்டு, இத்தாலிய நினைவில் 'மெரினா' என்று பெயர் வைத்தார். அதற்கு முன்பே இங்கே குப்பங்கள் இருந்தன; மீனைப் பிரித்து, விலை பேசி, கூடையில் சுமந்து விற்ற பெண்கள் இருந்தார்கள். காற்று வாங்குகிறவர்களின் இடமாகப் பெயர் வாங்கிய கரையில் அவர்கள் மெல்ல மெல்ல இடைஞ்சல் ஆனார்கள். 2023 ஏப்ரலிலும் அதுதான் நடந்தது. நொச்சிக்குப்பம் லூப் சாலையோர மீன் கடைகளால் போக்குவரத்து தடைபடுகிறது என்று உயர் நீதிமன்றம் தானாக வழக்கு எடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்றியது. மீனவ மக்கள் சாலையை மறித்தார்கள். குப்பத்துக்குள் சாலை வந்ததா, சாலைக்குள் குப்பம் வந்ததா? அடுத்த ஆண்டு அங்கே புது மீன் அங்காடி திறந்தார்கள்.

இதே கரையில் 1923இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். 1959இல் உழைப்பாளர் சிலை வந்தது. ராய் சௌத்ரி வடித்த அந்தப் பாறையை நெம்புகிற நான்கு பேரும் ஆண்கள். நல்ல சிலைதான், நரம்பு புடைத்திருப்பது தெரியும். மீன்கூடை அதில் இல்லை. பட்டனும் இல்லை.

கடலைப் பார்த்து உட்கார்ந்த பெண்களும் உண்டு. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸில், நூறாண்டுக்கு முன்பு சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளுக்கு விடுதி நடத்தினார். அவரும் குழந்தை விதவைதான்; 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். தெருவில் எதிர்ப்பட்டால் சகுனம் கெட்டது என்று ஒதுக்கப்பட்ட பெண்கள் இந்தக் காற்றில் படித்தார்கள். சிலர் 1914இல் கடலோரம் தொடங்கிய ராணி மேரி கல்லூரிக்கும் போனார்கள். ஆனால் அந்த விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டும். எதிரே குப்பத்தில் புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவளுக்கு அதில் இடமில்லை. இந்த இரண்டையும் சேர்த்தேதான் என்னால் சொல்ல முடிகிறது.

2021 மே முதல் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அம்மா இப்போது வேலையை விட்டுவிட்டாள். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பண்டிகை எதுவும் இல்லாத நாளில், இரண்டு பஸ் மாறி அண்ணா சதுக்கத்தில் இறங்கினோம். பை வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ஆனாலும் முறுக்கும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவந்திருந்தாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு இறங்கினாள். அலை திரும்பும்போது என் பக்கம் பார்த்துக் கத்தினாள்: "ஏய், காலுக்கடியில மண்ணு ஓடுதுடி!"