ஆட்டு ரோமத்திலிருந்து வந்த முகக் கிரீம்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தின் மேற்கே கோல்ரைன் என்று ஒரு சின்ன ஊர். சுற்றிலும் செம்மறி ஆட்டுப் பண்ணைகள். கோடையில் தோலை உரிக்கும் வெயில். கிராக்கோ நகரில் பிறந்து, 1896-இல் கப்பலேறி, அங்கே தாய்மாமா வீட்டில் வந்து இறங்கினார் ஹெலனா ரூபின்ஸ்டைன் என்ற யூதப் பெண். அம்மா பெட்டியில் வைத்துக் கொடுத்த கிரீம் ஜாடிகளைப் பார்த்து, வெயிலில் முகம் காய்ந்துபோன உள்ளூர்ப் பெண்கள் ‘எனக்கும் கொஞ்சம்’ என்று கேட்டார்களாம். பின்னாளில் அவரே சொல்லிவந்த கதை இது.

ஜாடிகள் தீர்ந்தன. ஆனால் கிரீமுக்கு வேண்டிய மூலப்பொருள் ஊரெங்கும் மேய்ந்துகொண்டிருந்தது. ஆட்டு ரோமத்தைச் சோப்பு கலந்த வெந்நீரில் அலசினால் மஞ்சளாக ஒரு பிசுக்கு பிரியும். அதைச் சுத்தம் செய்தால் லானோலின். தன் எடைக்கு மேலேயே தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், வறண்ட தோலுக்கு அருமருந்து. ஒரே தொல்லை, அந்த ஆட்டு வாடை. வாசனைப் பொருள்களைச் சேர்த்து அதை அடக்கினார் ஹெலனா.

மெல்போர்னில் தேநீர்க் கடையில் பரிமாறிப் பிழைத்தவர், 1902–03 வாக்கில் அங்கேயே அழகு நிலையம் திறந்தார். விக்டோரியா சட்டமன்றத் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டுரிமையே 1908-இல்தான் வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

கிரீமுக்கு ‘வலேஸ்’ என்று பெயர். சில பென்ஸில் தயாரானதை ஷில்லிங் கணக்கில் விற்றார். கார்பாத்திய மலை மூலிகை, ஐரோப்பிய டாக்டர் தயாரிப்பு என்றெல்லாம் விளம்பரம். அந்த மூலிகைப் பேச்சை நான் ஒப்பமாட்டேன்; விக்டோரியா ஆட்டின் பெருமையை மறைத்த பேச்சு அது. ஆனால் விலையில் தப்பில்லை. வந்தவர் முகத்தைக் கூர்ந்து பார்த்து, எப்படிப் பூசுவது, வெயிலில் எப்படிக் காப்பது என்று உட்காரவைத்துச் சொன்னாரே, அந்த உழைப்பும் அறிவும் ஜாடிக்குள் இருந்தன. அவற்றுக்கும் சேர்த்து விலை கேட்கும் துணிச்சல்தான் வீட்டுக் கிரீமை வியாபாரமாக்கியது.

பிறகு சிட்னி; 1908-இல் லண்டன்; பாரிஸ், நியூயார்க். 1928-இல் அமெரிக்கத் தொழிலை லேமன் பிரதர்ஸ் வங்கிக்கு 73 லட்சம் டாலருக்கு விற்றார். பங்குச் சந்தை சரிந்ததும் 15 லட்சத்துக்கும் குறைவாகக் கொடுத்துத் திரும்ப வாங்கிவிட்டார்!

இன்று சிட்னியிலும் மெல்போர்னிலும் நம் பெண்கள் வீட்டிலிருந்தே இட்லி மாவு விற்கிறார்கள், பிளவுஸ் தைக்கிறார்கள், கேக் செய்கிறார்கள். அரிசி விலை, துணி விலையைக் கணக்கில் எழுதுகிறவர்கள் தங்கள் நேரத்தை எழுதுவதில்லை. சகோதரிகளே, அதையும் எழுதுங்கள். வாங்குகிறவர்களே, ‘நம்ம ஆளுதானே’ என்று பேரம் பேசாமல் சொன்ன விலையைக் கொடுங்கள்.